மவுண்ட் ஆகிறது, எழுதத்தான் விடமாட்டேன் என்கிறது

லினக்ஸில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது வட்டின் ஒரு பகுதியை, மவுண்ட் செய்கிறோம்; ஒரு கோப்புறையோடு இணைக்கிறோம் என்று பொருள். பிழைச் செய்தி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் கோப்புகளும் தெரிகின்றன. புதிதாக ஒரு கோப்புறை உருவாக்கப் போனால் மட்டும் 'பெர்மிஷன் டினைட்'. உடனே கை தானாக, எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 'சீமாட் 777' கட்டளை பக்கம் போகும். என் கையும் போனதுண்டு.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மவுண்ட் செய்ய யாருக்கு உரிமை என்பது ஒன்று. மவுண்ட் ஆன பிறகு எழுத யாருக்கு உரிமை என்பது வேறொன்று. முதலாவதை, எதை எங்கே எப்படி மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'யூசர்' என்று சேர்த்துத் தீர்க்கலாம். அதைச் சேர்த்துவிட்டு, எழுதும் உரிமையும் கூடவே வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் பலர். வராது.

நான் செய்த தவறு இன்னும் கொஞ்சம் நயமானது. மவுண்ட் செய்வதற்கு முன்பே, அந்தக் காலிக் கோப்புறையை, உரிமையாளரை மாற்றும் சோன் கட்டளையால் என் பெயருக்கு மாற்றினேன். பட்டியலிட்டுப் பார்த்தேன், உரிமையாளர் நான்தான். மவுண்ட் செய்துவிட்டு மறுபடி பார்த்தால் 'ரூட் ரூட்', அதாவது உரிமையாளர் நிர்வாகக் கணக்கான ரூட். கழற்றினால் மீண்டும் என் பெயர். அரை மணி நேரம் இதே விளையாட்டு. நடந்தது இதுதான்: மவுண்ட் செய்த கணமே பழைய கோப்புறை மறைந்து, அந்த இடத்தில் பார்ட்டிஷனின் மேல்மட்டக் கோப்புறை தன் சொந்த உரிமையாளரோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் பெயர் மாற்றியது அடியில் மறைந்துபோன கோப்புறைக்கு. பார்ட்டிஷன் லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 வடிவில் இருந்தால் முதலில் மவுண்ட் செய்துவிட்டு அதன்பின் சோன் செய்யவேண்டும். அந்த விவரம் வட்டிலேயே பதிவாகிவிடுவதால் ஒருமுறை செய்தால் போதும்.

ஆனால் அங்கே பதிவாவது பெயர் அல்ல, எண். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000. அதே வட்டை வேறொரு கணினியில் செருகினால், அங்கே 1000 என்ற எண் யாருடையதோ அவரே உரிமையாளர். உங்கள் பெயர் இரண்டு கணினியிலும் ஒன்றாக இருந்தும் பயனில்லை.

யூஎஸ்பி வட்டுகளில் அதிகம் காணும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வடிவங்களின் விஷயத்தில் கதை தலைகீழ். அவற்றில் உரிமையாளரைக் குறித்துவைக்க இடமே கிடையாது. அதனால் ரூட்டாக இருந்து சோன் செய்தாலும் மறுத்துவிடும். மவுண்ட் செய்யும்போதே 'யூஐடி=1000, ஜிஐடி=1000' (பயனர் எண், குழு எண்) என்று சொல்லிவிடவேண்டும். இதையே ஈஎக்ஸ்டி4 வரியில் எழுதினால் மவுண்டே ஆகாது. வரும் பிழைச் செய்தியில் 'பேட் சூப்பர்பிளாக்' என்ற சொல்லும் சேர்ந்து வருவதால், வட்டு கெட்டுவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. வட்டு நன்றாகவே இருக்கும்.

எந்த உரிமைகளை நீக்குவது என்று சொல்வது மாஸ்க். ஃபேட்32-இல் எதையும் நீக்காத 'உமாஸ்க்=000' போடுவது சோம்பேறி வழி. யார் வேண்டுமானாலும் எழுதலாம். புகைப்படம்கூட இயக்கக்கூடிய நிரல்போலக் காட்சி தரும். 'டிமாஸ்க்=022, எஃப்மாஸ்க்=133' என்றால் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 கிடைக்கும்; அதாவது உரிமையாளர் மட்டுமே எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். கோப்புறைக்குள் நுழைய இயக்கும் உரிமை தேவை, கோப்புக்குத் தேவையில்லை; அதனால்தான் இரண்டு மாஸ்க்குகள்.

'யூசர்' என்ற சொல் தன்னோடு 'நோஎக்ஸெக், நோசூயிட், நோடெவ்' என்ற மூன்று தடைகளையும் (முதலாவது, நிரல்களை இயக்கத் தடை) சத்தமில்லாமல் அழைத்துவரும். இயக்கும் உரிமை இருந்தும் ஸ்கிரிப்ட் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. 'எக்ஸெக்' சேர்ப்பதானால் 'யூசர்' என்பதற்குப் பின்னால் சேருங்கள். முன்னால் எழுதினால் பின்னால் வரும் 'யூசர்' அதை அழித்துவிடும். 'யூசர்' என்றால் மவுண்ட் செய்தவரும் ரூட்டும் மட்டுமே கழற்றலாம், 'யூசர்ஸ்' என்றால் யாரும் கழற்றலாம். பொதுக் கணினியில் இந்த ஓரெழுத்து வித்தியாசம் சண்டையில் முடியும்.

செருகிக் கழற்றும் யூஎஸ்பி வட்டுக்காக எஃப்எஸ்டேப்பைத் தொடவே வேண்டாம். வட்டுகளைக் கையாளும் யூடிஸ்க்ஸ் சேவை இருக்கும் கணினியில் 'யூடிஸ்க்ஸ்சிடிஎல்' கட்டளையே ரூட் இல்லாமல் மவுண்ட் செய்துதரும். ஃபிரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் வழி வேறு: 'விஎஃப்எஸ்.யூசர்மவுண்ட்' மதிப்பை 1 ஆக்கவேண்டும், மவுண்ட் ஆகும் கோப்புறையும் அந்தப் பயனருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, பயனரை 'டிஸ்க்' குழுவில் சேர்க்கும் பழக்கம். லினக்ஸில் அதனால் மவுண்ட் உரிமை கிடைப்பதே இல்லை. கிடைப்பது, வட்டுச் சாதனத்தை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் உரிமை. கோப்புகளின் அனுமதிகளைச் சுற்றிக்கொண்டு, 'டீபக்எஃப்எஸ்' போன்ற கருவியால் கடவுச்சொற்களின் மறைகுறி வடிவம் உள்ள ஷேடோ கோப்பையே படித்துவிடலாம். கிட்டத்தட்ட ரூட்டையே தூக்கிக் கொடுத்ததுபோல. ஏற்கெனவே சேர்த்திருந்தால் 'ஜிபாஸ்டபிள்யூடி' (gpasswd) கட்டளையால் நீக்கிவிட்டு, அந்தப் பயனரை முழுவதுமாக வெளியேறி மீண்டும் உள்நுழையச் சொல்லுங்கள். திறந்தே இருக்கும் பழைய முனையத்தில் அந்த உரிமை அப்படியே தொடரும்.