கேன்சர் சிகிச்சைக்கு நடுவிலும் பிறகும் நீச்சல்: முதல் முறை இறங்குபவர்களுக்கு

சிகிச்சை முடியும் வரை படுத்தே இருக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய கதை. வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மிதமான பயிற்சி செய்தால் எத்தனை தூங்கினாலும் போகாத அந்த அசதி குறையும் என்று 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள். அதற்காக நாளைக்கே நீச்சல் குளத்தில் குதித்துவிடாதீர்கள்.

படி 1: டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள்

"நீந்தலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "பார்த்துப் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். வெள்ளை அணு, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் எவ்வளவு, தையல் முழுசாக ஆறிவிட்டதா என்று கேளுங்கள். கீமோ ஏற்றி சுமார் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பவே இறங்கும், தொற்று சுலபமாக ஒட்டிக்கொள்ளும், அப்போது பொதுக் குளம் வேண்டவே வேண்டாம், வீட்டுக்குள் நடந்தால் போதும். கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற நரம்புக்குள் விட்டு, முனை வெளியே இருக்கும் மெல்லிய குழாய்) இருந்தால் அதை எடுக்கும் வரை நீச்சல் கிடையாது. தோலுக்கடியில் வைக்கும் கீமோ போர்ட் என்றால், புண் ஆறி, ஊசியும் குத்தியிருக்காதபோது பெரும்பாலும் தடையில்லை. கதிர்வீச்சு பட்ட தோலைக் குளோரின் எரிக்கும், அது தேறட்டும். கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விடுபவர்கள் இறங்கவே கூடாது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட திறப்பு வழியாக மலமோ சிறுநீரோ சேரும் பை) உள்ளவர்கள் அதைக் காலி செய்துவிட்டு, ஓரம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து இறங்கலாம்.

படி 2: தரையில் நடை

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

படி 3: முதல் நாள் நீந்தாதீர்கள்

மார்பளவுத் தண்ணீரில் சுவரை ஒட்டி நடங்கள். கீமோவால் பாதம் மரத்துப்போயிருந்தால் டைல்ஸ் கீறினால்கூடத் தெரியாது, நீச்சல் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் களைப்பே தெரியாது, ஆனால் ஏணியில் இரண்டாவது படி ஏறும்போது மொத்த எடையும் திரும்பி வந்து முழங்கால் வெடவெடக்கும், அப்புறம் குளிக்கணும், துணி மாற்றணும், வீடு போய்ச் சேரணும், அதற்கெல்லாம் தெம்பு வேண்டாமா? "இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும்போதே வெளியே வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால், முதல் நாளுக்கு 10 நிமிடமே தாராளம்.

படி 4: மெல்ல நீச்சல்

மார்பக அறுவை சிகிச்சை ஆனவர்கள் கையைத் தலைக்கு மேல் வீசும் ஃப்ரீஸ்டைலை அவசரப்பட்டுத் தொடாதீர்கள், பிசியோதெரபிஸ்ட் சரி சொல்லும் வரை தண்ணீருக்குள்ளேயே தோளை அசையுங்கள். கை வீக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீரின் அழுத்தம் இதமாக இருக்கும், ரொம்பச் சூடான தண்ணீர் மட்டும் ஆகாது. வெளியே வந்ததும் நன்றாகத் துடைத்துவிட்டு, வீங்கிய கைக்குப் போடும் இறுக்கமான அழுத்த உறையை மாட்டிக்கொள்ளுங்கள்.

மறுநாளும் எழ முடியவில்லையா? அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி வந்தால் அங்கேயே நிறுத்தி உதவிக்குக் கூப்பிடுங்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்கள்.