கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஊர்த் தேர்தலும் தபால் ஓட்டும்

பிரிக்ஃபீல்ட்ஸில் அறை பிடித்துப் பெட்டியை இறக்கியதும் பலர் கேட்பது, "தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு இங்கிருந்தே தபால் ஓட்டுப் போடலாமா?" இந்தியக் குடிமகனாக இங்கே வேலைக்கு வந்தவருக்கு அந்த வசதி இல்லை. மோண்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் வாக்குச்சாவடி கிடையாது. ஊருக்குப் போய், அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட வேண்டும்.

அதற்கும் முதலில் படிவம் 6ஏ நிரப்பி, வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிய வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே செய்யலாம். புகைப்படம், பாஸ்போர்ட்டில் படமும் முகவரியும் உள்ள பக்கங்கள், விசாப் பக்கம் ஆகியவை தேவை. பாஸ்போர்ட்டில் எந்த முகவரியோ அந்தத் தொகுதியில்தான் பெயர் சேரும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் அந்த வீட்டுக்கு விசாரிக்க வருவார். "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று யாராவது சொல்லிவிட்டால் சிக்கல்தான். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எண்ணும் நாளில் இந்திய நேரம் காலை 8 மணிக்கு, இங்கே 10.30-க்கு, முதலில் பிரிப்பது தபால் ஓட்டுகளை. ராணுவத்தினர், தேர்தல் பணி ஊழியர்கள், 85 வயது கடந்தவர்கள் போன்றோர் போட்டவை அவை. எண்ணத் தொடங்கும் நேரத்துக்குள் வந்து சேராத உறையைத் திறக்கவே மாட்டார்கள். வெளி உறைக்குள் 13-ஏ படிவத்தில் வாக்காளர் தரும் உறுதிமொழியும் ஓட்டுச்சீட்டு வைத்த சிறிய உறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். உறுதிமொழியில் கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லாவிட்டாலும், அதிலுள்ள வரிசை எண் சிறிய உறையில் உள்ளதோடு பொருந்தாவிட்டாலும், சீட்டைப் பிரிக்காமலே தள்ளுபடி. அரைமணி கழித்து, நமக்கு 11 மணிக்கு, இயந்திர ஓட்டுகள் தொடங்கும். அதற்கு முன் டிவியில் ஓடும் 'முன்னிலை' இந்த உறைகளுக்குள் இருந்தவை மட்டுமே.

கொஞ்சம்தானே என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டுகள். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுகளை அங்கே செல்லாதவை என ஒதுக்கியிருந்தார்கள். அவற்றை எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 ஆகிவிட்டது. ஆகவே 2025-இல் ஆணையம் கொண்டுவந்த மாற்றம் மிகச் சரியானது: தபால் ஓட்டுகளை எண்ணி முடித்த பிறகே இயந்திரத்தின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும். கடைசிச் சுற்றுகள் இழுத்தால் பதற வேண்டாம். அங்கே இன்னும் உறை பிரித்துக்கொண்டிருக்கலாம்.