ஊருக்குப் போகும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரலாமா?

லீவுக்கு டிக்கெட் போட்டதும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அப்படியே லேசிக்கும் பண்ணிட்டு வந்துடலாமா?" கருவிழியை லேசரால் செதுக்கிக் கண்ணாடி இல்லாமல் பார்க்க வைக்கும் ஆபரேஷன்தான் லேசிக். செலவு லண்டன், டொராண்டோவைவிடக் குறைவு. ஒரு கண்ணில் லேசர் படுவது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கணக்கு சரிதான். ஆனால் நாள் பிடிப்பது ஆபரேஷனுக்கு அல்ல, அதற்கு முன்னும் பின்னும்தான்.

என் சித்தப்பா மகன் மூன்று வார லீவில் கல்யாணம், குலதெய்வம் கோயில் எல்லாம் முடித்துவிட்டு, கடைசி ஐந்து நாளைக் கண்ணுக்கு ஒதுக்கினான். "ரெண்டு நாள் போதும் சார்" என்று ஒரு கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் வரை கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்ததால் காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை. வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார். அவன் நல்ல நேரம்.

லென்ஸ் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தினமும் லென்ஸ் போடுபவருக்குக் கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத் தெளிவான பகுதியின், வளைவு கொஞ்சம் மாறியிருக்கும். லேசர் செதுக்கப்போவதும் அதே வளைவைத்தான். தப்பான அளவை வைத்துச் செதுக்கினால் தப்பான பவர்தான் கிடைக்கும். அதனால் பரிசோதனைக்கு முன் சாஃப்ட் லென்ஸ் போடுபவர்கள் இரண்டு வாரமாவது நிறுத்த வேண்டும். கெட்டி லென்ஸ் என்றால் மூன்று, நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஊரில் இறங்கிய பிறகு நிறுத்தினால் லீவே அதில் போய்விடும். விமானம் ஏறுவதற்கு முன்பே கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். கல்யாண போட்டோவில் கண்ணாடி விழுமே என்றால், விழட்டும்.

எங்கே போவது? மதுரை அரவிந்த் 1976-லிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயா 1978-லிருந்தும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மற்ற பெரிய ஊர்களிலும் லேசர் வசதியுள்ள கண் மருத்துவமனைகள் உண்டு. இறங்கிய வாரமே பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். ஒரு வருடத்தில் பவர் அரைக்கு மேல் மாறியிருந்தால் காத்திருக்கச் சொல்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே செய்ய மாட்டார்கள். இருபது, இருபத்தொன்று ஆகட்டும் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பிறகு வரலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும், அது கண்ணை உலர்த்தும். பரிசோதனையில் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகவே தெரியும். வண்டி ஓட்ட வேறு ஆளைக் கூட்டிப்போங்கள்.

"எனக்குச் செய்ய முடியுமா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கருவிழியின் தடிமன்தான் பதில். சராசரியாக அது 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரை ஒட்டி. லேசிக்கில் மேலே மூடிபோல் திறக்கும் படலத்துக்குச் சுமார் 110 போகும். ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 15 மைக்ரானை லேசர் எடுக்கும். அடியில் 250-ஆவது மிஞ்ச வேண்டும், 300 இருந்தால் நிம்மதி. மைனஸ் 6 உள்ளவருக்கு 540-இல் 110-உம் 90-உம் கழித்தால் 340 மிச்சம், கவலையில்லை. 480 மட்டுமே இருக்கும் மைனஸ் 8-காரருக்குச் சரியாக 250-இல் வந்து நிற்கும். அங்கே நல்ல டாக்டர் லேசர் வேண்டாம் என்பார், கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸைப் பற்றிப் பேசுவார். கருவிழி கூம்புபோல் நீளும் கெரட்டோகோனஸின் அறிகுறி பரிசோதனை வரைபடத்தில் தெரிந்தாலும் லேசிக் கிடையாது. 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், 'சரி' என்று சொல்லும் கிளினிக்கைத் தேடித் தெருத்தெருவாக அலையாதீர்கள்.

லேசிக், ஸ்மைல், பிஆர்கே என்று லேசரால் செய்யும் மூன்று முறைகளைச் சொல்வார்கள். ஸ்மைல் என்பது மூடிபோல் படலம் திறக்காமல் சின்னக் கீறல் வழியாகச் செய்வது. லேசிக்கிலும் ஸ்மைலிலும் ஓரிரு நாளில் ஓரளவு தெளிவு வந்துவிடும். பிஆர்கேயில் மேல்தோலை எடுப்பதால் மூன்று நான்கு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும், ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் நீளும். மெல்லிய கருவிழிக்கு அது நல்ல வழிதான். மூன்று வார லீவுக்குத்தான் ஒத்துவராது.

ஆபரேஷன் நேரத்தில் வலிக்காது. மரத்துப்போக மருந்து விடுவார்கள், லேசிக்கில் சில நொடி அழுத்தம் தெரியும். இமைக்கவும் முடியாது, கிளிப் பிடித்திருக்கும். கண் அசைந்தால்? லேசிக்கிலும் பிஆர்கேயிலும் செதுக்கும் எக்ஸைமர் லேசர் அசைவைப் பின்தொடரும், ரொம்ப விலகினால் நின்றுவிடும். நாற்பதைத் தாண்டியவர்கள் ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: தூரம் தெளிந்தாலும் வெள்ளெழுத்து போகாது. மைனஸ் 2-காரர் இன்று கண்ணாடியைக் கழற்றி மெனு கார்டு படிக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அதைப் படிக்கவே கண்ணாடி தேடுவார்.

அப்புறம்தான் ஊரின் சோதனை. முதல் வாரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. எண்ணெய்க் குளியல், கோயில் குளம், பம்ப்செட், குற்றாலம் எல்லாவற்றையும் டாக்டர் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள். பழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கண்ணைக் கசக்கவே கூடாது, தூங்கும்போது கவசம் கட்டாயம். வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் விட இளநீர்க் குழம்பு என்ற நாட்டு மருந்தோ தாய்ப்பாலோ கொண்டுவருவார்கள். "டாக்டர் வேண்டாம்னுட்டார் பாட்டி" என்று அவர் மேலேயே பழியைப் போட்டுவிடுங்கள்.

மறுநாள் பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்றால் பறக்கலாம்தான். நான் பத்து நாளாவது ஊரில் இருக்கச் சொல்வேன். தொற்றோ படலம் நகர்வதோ அபூர்வம், ஆனாலும் வந்தால் முதல் நாட்களிலேயே வரக்கூடும், அப்போது செய்த டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். விமானத்தில் காற்று வறண்டிருக்கும், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு கைப்பையிலேயே இருக்கட்டும். ஒரு மாதப் பரிசோதனை நீங்கள் வசிக்கும் ஊரில்தான் வரும். வெளியே செய்த கண்ணைப் பார்ப்பாரா என்று உங்கள் கண் மருத்துவரிடம் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீடு இப்படி நாமே விரும்பிச் செய்வதற்குப் பொதுவாகப் பணம் தராது. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை இல்லாத வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இ-மெடிக்கல் விசா தனியாகவே உண்டு.

கிளம்பும் முன் பழைய பவர், கருவிழி வளைவு, தடிமன், செய்த முறை, சொட்டு மருந்துகளின் மூலப் பெயர் எல்லாம் உள்ள காகிதங்களை வாங்கி ஸ்கேன் செய்து மெயிலில் போட்டுவையுங்கள். இருபது, முப்பது வருடம் கழித்துக் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்த டாக்டர் முதலில் கேட்பது இந்தப் பழைய அளவுகளைத்தான். செதுக்கிய கருவிழியை மட்டும் பார்த்துப் போடும் கணக்கு பிசகும்.