சூப்பர்நோவா எச்சம் தேடும்போது நாம் விடும் பிழைகள்

சூப்பர்நோவா என்பது நட்சத்திர வெடிப்பு, அது விட்டுச்சென்ற வாயு மேகமே எச்சம். தொலைநோக்கி வாங்கியதும் பலர் முதலில் தேடுவது அப்படியொரு எச்சமான நண்டு நெபுலாவை. மனதில் இருப்பது ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம். கண்ணுக்குக் கிடைப்பது விபூதியை விரலால் தேய்த்துவிட்டதுபோல ஒரு மங்கல். உடனே தொலைநோக்கியைக் குறை சொல்கிறோம். பாவம், அது என்ன செய்யும்? இவ்வளவு மங்கிய ஒளியில் மனிதக் கண் நிறம் பிரித்தறியாது. படங்களில் உள்ள நிறங்களும் பெரும்பாலும் எந்த மூலகம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டவை.

அடுத்தது காலப் பிழை. நண்டு நெபுலா நள்ளிரவில் உச்சிக்கு வருவது மார்கழியில் என்று புத்தகங்கள் சொல்லும். திருகோணமலையில் மார்கழி என்றால் மழை. பெப்ரவரி வரை பொறுங்கள். இரவு எட்டு, ஒன்பது மணிக்கே அது தலைக்கு மேல் நிற்கும். சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள இன்னொரு எச்சமான வெய்ல் நெபுலாவுக்கு ஓகஸ்ட், செப்டெம்பர் நல்லது. கச்சான் காற்றில் தொலைநோக்கி ஆடும்தான், ஆனால் வானம் திறந்திருக்கும்.

இடத்திலும் கவனம் வேண்டும். நிலாவெளிக் கரையில் நின்றால் திருகோணமலை நகர வெளிச்சம் தெற்கில். வெய்ல் வடக்கு வானில் ஏறுவதால் அதற்கு நிலாவெளி போதும். தெற்கே தாழ்வாக வரும் வேலா எச்சத்தைக் கமராவில் பிடிக்க நினைப்பவர் நகருக்குத் தெற்கே உள்ள மூதூர்ப் பக்கம் போவதே சரி. கண்ணாடியில் உப்பு படிந்தால் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். போனைப் பார்த்துவிட்டு உடனே தொலைநோக்கிக்குள் பார்ப்பதும் வீண். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது தேவை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பிழை. ஒட்சிசன் பில்டர் ஒன்றை வாங்கி வெய்லைப் பார்த்தவர் அசந்துபோவார். முன்பு தெரியாத இழைகள் வானத்தில் தொங்கும். அதே பில்டரை நண்டுக்குப் போட்டால் பெரிய மாற்றம் இல்லை. பணம் வீண் என்று நினைப்பது தவறு. பில்டர் உங்களுக்கு ஒரு பௌதிகப் பாடமே நடத்தியிருக்கிறது. வெய்லின் ஒளி சூடேறிய வாயுவிலிருந்து வருகிறது. குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் குவிந்திருக்கிறது. பில்டர் அவற்றை விட்டு, மற்றதை மறைக்கிறது. நண்டின் நடுப்பகுதி ஒளியோ, காந்தப்புலத்தில் சுழன்று ஓடும் இலத்திரன்களிடமிருந்து வருவது. அது எல்லா அலைநீளங்களிலும் பரவிக் கிடக்கிறது. அந்த இலத்திரன்களுக்குச் சக்தி கொடுப்பது உள்ளே செக்கனுக்கு சுமார் 30 தடவை சுழலும் பல்சார் என்னும் நியூத்திரன் நட்சத்திரம். ஆக, வெடித்த நட்சத்திரத்தின் நசுங்கிய உள்மையம் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதைத்தான் அந்த மங்கல் காட்டுகிறது.

இதனால் எல்லா எச்சத்துக்குள்ளும் பல்சார் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1572இல் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே பார்த்த வெடிப்பு வேறு வகை. அங்கே வெடித்தது ஒரு வெள்ளைக் குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் சிறிய, அடர்ந்த மிச்சம். அது முழுவதுமாகச் சிதறிப்போனது. உள்ளே நியூத்திரன் நட்சத்திரம் கிடையாது.

வெய்லில் தெரிவதெல்லாம் அங்கே வெடித்த நட்சத்திரத்தின் உடல் என்று நினைப்பதும் சரியல்ல. வெடித்து 10,000 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதிர்வலை வழியில் தள்ளிச் சேர்த்த விண்வெளி வாயுவே இப்போது பெரும்பாலும் ஒளிர்கிறது.

1054இல் நண்டு வெடித்தது என்று எழுதுவதும் உண்டு. அந்த ஆண்டு வந்து சேர்ந்தது ஒளிதான். சீன வானியலாளர்கள் அதைப் பகலிலேயே 23 நாட்கள் கண்டார்கள். வெடிப்பு அதற்கும் சுமார் 6,500 ஆண்டுகள் முன்பு. அப்புறம், வளைய நெபுலாவையும் ஓரியன் நெபுலாவையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்னது சூரியன் போன்ற நட்சத்திரத்தின் அமைதியான முடிவு, பின்னது நட்சத்திரங்கள் பிறக்கும் இடம்.

கசியோப்பியா ஏ என்ற எச்சம் சாதாரணத் தொலைநோக்கிக்கு அகப்படாது, அதனால் பலர் அதைப் பற்றிப் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அது நட்டம். ரேடியோவில் வானத்தின் மிகப் பிரகாசமான மூலங்களில் அது ஒன்று. எக்ஸ் கதிரில் பார்த்தால் சிலிக்கனும் இரும்பும் தனித்தனியாகச் சிதறியிருப்பது தெரியும். அந்த வெடிப்பின் ஒளி நேராகப் பூமியைக் கடந்து 300 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் தூரத்துத் தூசு மேகங்களில் பட்டுத் திரும்பிய பங்கு தாமதமாக வந்தது. 2008இல் சுபாரு தொலைநோக்கியில் அந்த எதிரொளியின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தார்கள். வெடிக்கும் முன்பே தன் ஐதரசன் போர்வையில் பெரும்பகுதியை இழந்திருந்த ஒரு பெருநட்சத்திரம் அது என்று தெரிந்தது.