பெற்றவளும் வளர்ப்பவளும்: உறவுக்குள் தத்தெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா வழியாக முன்பின் தெரியாத பிள்ளையைத் தத்தெடுத்தால் பெற்றவள் யாரென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மதுரைப் பக்கம் பிள்ளை இல்லாத அக்காவுக்கோ ஓரகத்திக்கோ தன் பிள்ளையைக் கொடுக்கிறவர்கள் உண்டு. அங்கே இரண்டு அம்மாக்களும் ஒவ்வொரு விசேஷத்திலும் முகம் பார்த்தாக வேண்டும்.

பெரிய தவறு, பிள்ளையிடம் மறைப்பது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில், கல்யாணப் பந்தியில்தான் விஷயம் தெரிந்தது. பக்கத்து இலைப் பாட்டி, "உன்னப் பெத்தவ அந்தா சாம்பார் ஊத்துறா பாரு" என்றார். அவள் பிசைந்த சோறு அப்படியே இலையில் கிடந்தது. ஒரு மாதம் இரண்டு பேரையுமே அவள் அம்மா என்று கூப்பிடவில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதியை மூன்று, நான்கு வயதிலேயே கதை மாதிரி வீட்டில் சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்தது காதுகுத்து. அக்கா தங்கைக்குள் என்றால் தாய்மாமன் ஒருவரே, பிரச்சினை இல்லை. ஓரகத்தி பிள்ளை என்றால் யார் மடியில் உட்கார வைப்பது? பத்திரிகை அடிக்கும் முன்பே பேசி முடியுங்கள். என்னைக் கேட்டால், மடி வளர்ப்பவளின் அண்ணன் தம்பிக்கு. ஆனால் பெற்றவள் வீட்டுச் சீரையும் சபையில் வாங்க வேண்டும். கோயில் வாசலில் வந்து இதைப் பேசினால் பேச்சே நின்றுபோகும்.

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்குப் பொதுவாக 15 வயது முடிந்திருக்கக் கூடாது, கொடுக்கும் கணவன் மனைவி இருவருக்கும் சம்மதம் வேண்டும், பணம் கைமாறவே கூடாது. முறைப்படி கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்க முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டால், பின்னால் சொத்துப் பேச்சு வரும்போது இரண்டு பெண்களும் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

அப்புறம், வரும்போதெல்லாம் "என்ன இப்படி இளைச்சுட்டான்?" என்று பெற்றவள் கேட்பது. பாசத்தில்தான் கேட்கிறாள், வளர்ப்பவளுக்கு அது "நீ சரியா சோறு போடல" என்றே கேட்கும். அந்தக் கோபத்தில் அவள் போன் எடுப்பதை நிறுத்துவதும் தவறுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றவளுக்கு முதலில் நீங்களே சொல்லுங்கள், வேறு ஆள் சொல்லித் தெரிய வேண்டாம்.