பழைய உலர் இலையில் உருளைக்கிழங்கு கருகல் நோயின் தடம் தேட

சேகரித்த ஆண்டும் இடமும் எழுதப்பட்ட உலர்தாவர மாதிரிகளை மட்டும் எடுங்கள். கருகல் புள்ளியின் விளிம்பில் ஒரு சிறு துண்டு போதும். புதிய மாதிரிகள் நுழையாத தனி ஆய்வறையில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுங்கள், கூடவே இலையே இல்லாத வெற்று மாதிரி ஒன்றும் ஓடட்டும். அதில் நோய்க்கிருமி தென்பட்டால் அந்தத் தொகுதி முழுக்கவே சந்தேகம்தான்.

பழைய டி.என்.ஏ. துண்டுகள் பெரும்பாலும் 100 காரங்களுக்கும் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) குட்டை. நீண்ட பகுதியைத் தேடும் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுக்கும் முறை) தோற்பது அதனால்தான். துண்டின் முனைகளில் சைட்டோசின் என்ற காரம் சிதைந்து, தைமின் என்ற வேறு காரமாக வாசிக்கப்படும். பழமைக்கு அது நல்ல சான்று. மரபுப் பிறழ்வாக எண்ணிவிட்டாலோ கிருமியின் வம்சாவளி மரத்தில் கிளை பொய்யாக நீளும். ஒரு பங்கை அப்படியே வைத்து, மறுபங்கை, இப்படிச் சிதைந்த காரங்களை நீக்கும் யு.டி.ஜி. நொதியால் சுத்தப்படுத்துங்கள்.

முதலில் கிருமியின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிடுங்கள். அயர்லாந்தின் 1845 பஞ்சத்துக்கு இந்தக் கிருமியின் யூ.எஸ்.-1 வகையே காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டு இலைகள் காட்டியதோ ஹெர்ப்-1 என்ற வேறு வகையை. வம்சாவளி மரத்தின் வேரிலிருந்து கிளைநுனிவரையான தூரம் மாதிரி சேகரித்த ஆண்டோடு சேர்ந்து கூடாவிட்டால், காலக்கணிப்பில் இறங்காதீர்கள்.