ஹாம்லெட் வேடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவடை முடிந்து தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நாடக ஒத்திகை களைகட்டும்போது, ஷேக்ஸ்பியர் நாடகத்தின் இளவரசன் ஹாம்லெட் வேடம் கேட்டு ஓர் இளைஞராவது வந்துவிடுகிறார். எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் திரும்பவும் நடக்கின்றன. வசனம் மறப்பது, மைக்கைப் பார்த்தே பேசுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிரார்த்தனைக் காட்சியில் அழுவது

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. ஹாம்லெட்டின் அப்பாவான தன் அண்ணனைக் கொன்று அரியணையையும் அண்ணியையும் எடுத்துக்கொண்ட கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். பின்னால் வாளோடு ஹாம்லெட். வெட்டாமல் போய்விடுகிறான். இந்த இடத்தில் நம் பிள்ளைகள் கை நடுங்கி, வாளைத் தாழ்த்தி, கண் கலங்கி நிற்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் போகாத பழக்கம் இது. பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

வசனத்தைப் படியுங்கள். ஹாம்லெட்டுக்கு அங்கே துளி இரக்கம் கிடையாது. ஜெபத்தில் கொன்றால் இவன் சொர்க்கம் போய்விடுவான். அப்பாவோ பாவமன்னிப்புக்கு அவகாசமே இல்லாமல் செத்தார். அதனால் இவன் குடித்துக் கிடக்கும்போதோ சூதாடும்போதோ வெட்டி நரகத்துக்கே அனுப்பவேண்டும் என்கிறான். உயிர் போதாது, ஆன்மாவும் வேண்டும் அவனுக்கு. இது மெய்யான வெறியா, தள்ளிப்போட ஒரு சாக்கா என்று பார்க்கிறவர் தவிக்கவேண்டும். கண்ணீர் விட்டால் இரண்டும் போச்சு.

நஷ்டம் அடுத்த காட்சியில் தெரியும். அம்மாவின் அறையில் திரைக்குப் பின்னால் குரல் கேட்டதும், யாரென்றுகூடப் பார்க்காமல் வாளைச் செருகி, அரசனின் ஆலோசகர் பொலோனியஸைக் கொல்கிறான். ஓர் ஊர்த் திருவிழாவில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "இப்பதானே அழுதான்?" என்று சத்தமாகவே கேட்டார். அப்புறம் கடைசிவரை கூட்டம் நாடகத்தோடு ஒட்டவில்லை. கிளாடியஸ் எழுந்து, சொற்கள்தான் மேலே போயின, எண்ணம் கீழேயே கிடக்கிறது என்கிறான். அப்போதே வெட்டியிருக்கலாம்! அந்த அடி சபையில் விழவேண்டுமானால், ஹாம்லெட் உறுதியோடு வாளை உறையில் போட்டிருக்க வேண்டும்.

கண்ணகியின் கோபத்தைக் கடன் வாங்குவது

பூம்புகார் பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணகி கதை கேட்டு வளர்ந்தவர்கள், தான் கொலையுண்டதைச் சொல்ல வரும் அப்பாவின் ஆவியைக் கண்ட நொடியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணகி கையில் சிலம்பு இருந்தது. உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. ஹாம்லெட்டிடம் இருப்பது ஆவியின் பேச்சு மட்டும். அது பிசாசாகவும் இருக்கலாம் என்று அவனே சொல்கிறான். அதனால்தான் அரசன் முன் கொலை நாடகம் போடுகிறான். அவன் உடைத்துப் பார்க்கும் சிலம்பு அதுதான். அதற்கு முன் இருப்பது சந்தேகம். பின்னால் வருவது, உண்மை தெரிந்தும் விடாத தயக்கம். இரண்டுக்கும் ஒரே முகம் கூடாது.

பைத்தியம் என்று தலையைக் கலைத்துக்கொள்வது

வேண்டாம்.

'இருப்பதா, இறப்பதா' வசனத்தில் மண்டை ஓடு

ஓடு வருவது ஐந்தாம் அங்கத்தில். வசனம் மூன்றாம் அங்கத்தில்.

லேயர்டீஸை வில்லனாக்குவது

பொலோனியஸின் மகன் இவன்; அவனும் அப்பாவைப் பறிகொடுத்தவன்தான். தேவாலயத்துக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான். யோசிக்காத அந்த வேகத்தால்தான் கிளாடியஸிடம் சிக்கி, விஷம் தடவிய வாளோடு வருகிறான். சாகும்போது ஹாம்லெட்டிடம் மன்னிப்பு கேட்கிறான். கத்திச்சண்டை தெரியும் என்பதற்காக மட்டும் ஒருவரை இந்த வேடத்தில் போடாதீர்கள். ஹாம்லெட்டுக்கு நிகரான நடிகர் வேண்டும்.